பஸ்ஸுக்கு ஈரம்

2025 அக்டோபர் 13, திங்கள், காலை 7.05. மொத்தம் 1,312 வரி. மாற்றியது 9.

ஒன்பதும் என் பெயர் இருந்த இடம்.

நேற்றுக் காலையில் ராஜபாண்டி அண்ணாச்சி தன் போனை நீட்டினார். திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர். கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று ஆப் விட்டிருக்கிறது, பெயர் 'இலைக்காவல்', சங்கத்துக்கே எடுக்கலாம்னு இருக்கோம், நீ படிச்சவன், பாரு என்றார். பார்த்தேன். அன்று காலை வந்த செய்தி: "இலை இன்னும் காயலை. இன்னைக்கே மருந்தடி. நாளைன்னா செவட்டை."

அது என் புரோகிராமில் இருக்கிற செய்தி. ஒரு புள்ளிகூட மாறவில்லை. கம்பெனிக்காரன் எவனும் 'மருந்தடி' என்று எழுதமாட்டான். 'மருந்து தெளிக்கவும்' என்றுதான் எழுதுவான்.

வீட்டுக்கு வந்து ஆப்பைப் பிரித்து உள்ளே இருக்கிற புரோகிராமைப் பார்த்தேன். மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. என்னுடையதைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். என் பெயர் போன இடத்தில் கம்பெனி பெயர். மற்றபடி நான் போட்ட எழுத்துப்பிழைகூடப் பத்திரமாக இருக்கிறது.

பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை அது. திராட்சைப் பந்தலில் ஒரு பெட்டி. இலை ஈரத்தையும் வெப்பத்தையும் பார்க்கும். பனி காயாமல் நின்றால் இலையில் மஞ்சள் புள்ளி விழுந்து, செவந்து, கருகும். அதுதான் செவட்டை. வருமா வராதா என்று காலை 6.40க்குக் கணக்குப் போட்டுப் போனுக்குச் சொல்லும். எங்கள் பந்தலிலும் இன்னும் பத்துப் பந்தலிலும் ஓடுகிறது. 2023 மார்ச்சில் நெட்டில் எல்லோருக்கும் போட்டேன். சும்மா போடவில்லை, உரிமை மொத்தத்தையும் துறந்து போட்டேன். சி.சி. ஸீரோ. தமிழிலும் எழுதி வைத்தேன், பெருமையாக: "இது புறம்போக்கு. யாரும் எடுத்துக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம்."

எடுத்துக்கொண்டார்கள். யாரையும் கேட்கவில்லை.

அப்புறம் எனக்கு ஏன் இப்படி வயிறு எரிகிறது?

அக்டோபர் 14

ஒன்பது வரி. ஒன்பதே ஒன்பது வரி.

அக்டோபர் 15

கம்பெனிக்குப் போன் போட்டேன். கிறிஸ்டோபர் என்று ஒருவர் எடுத்தார். மேனேஜர். ரொம்பத் தன்மையான ஆள், அதுதான் இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம்.

என் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் என் பக்கத்தைத் திறந்து எனக்கே வாசித்துக் காட்டினார். "சார், இதுல எந்த நிபந்தனையும் இல்லையே. பேர் போடணும்னு ஒரு வரி இருந்திருந்தா போட்டிருப்போம். எங்க ஆப்புல பாருங்க, நாங்க புரோகிராம் எடுத்த மத்த பதினேழு பேரோட லைசென்ஸ் வரிசையா இருக்கும்."

இருக்கிறது. போய்ப் பார்த்தேன். யார் யாரோ, எந்தெந்த நாட்டுக்காரனோ, பதினேழு பெயர். எம்.ஐ.டி. லைசென்ஸ், பி.எஸ்.டி. லைசென்ஸ். ஒருத்தன் தேதியைத் திருப்பிப் போடுவதற்கு நாற்பது வரி எழுதியிருக்கிறான். அவன் பெயரும் இருக்கிறது. அதைப் பிடுங்கக் கூடாது என்று அவன் லைசென்ஸில் ஒரு வரி இருப்பதால் இருக்கிறது.

அந்த ஆள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

அக்டோபர் 17

அஜய்குமாரிடம் சொன்னேன். போடிக்காரன், கூடப் படித்தவன், இப்போது பெங்களூரில். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் சிரித்தான்.

2023ல் அவனோடு போட்ட சண்டை ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. எம்.ஐ.டி. போடுடா, எல்லாம் விட்டுக்கொடு, பேரை மட்டும் வச்சுக்கோ என்றான். எடுக்கலாம், மாத்தலாம், விக்கலாம். உன் பேர் இருக்கிற அந்தத் துண்டுச் சீட்டு மட்டும் கூடவே போகணும், அவ்வளவுதானே என்றான். நான் என்ன சொன்னேன்? "பேருக்கு அலையிறவன் நான் இல்லடா. கொடுத்தா முழுசாக் கொடுக்கணும்."

எவ்வளவு திமிர். அன்றைக்கு அது தியாகம் மாதிரி இருந்தது. பெயர் வேண்டாம் என்று சொன்னதையே ஊர் பேசவேண்டும் என்று இருந்தேனோ? எப்படி நாக்கு வந்தது?

எழுதினவன் நான்தான் என்கிற பாத்தியதை நம் சட்டப்படி அத்தனை லேசில் போகாது, வேண்டுமானால் வக்கீலைப் பார் என்கிறான். கோர்ட்டுக்குப் போய் வாங்குகிற பெயர் எனக்கு வேண்டாம். ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி போட்டால் முடிந்திருக்கும் வேலை.

"இப்ப மாத்திடறேன்" என்றேன்.

"புதுசை மாத்திக்கோ. ஊருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். திரும்பி வராது."

தெரியும். தெரிந்ததைச் சொல்கிறவனை அறையவேண்டும் போல இருக்கிறது.

அக்டோபர் 20, தீபாவளி

கறிச்சோறு போட்டுக்கொண்டே விஷயத்தை அண்ணன் மதன்குமார் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டான். அவன் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் புறம்போக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஓடைக்கரையில் பக்கத்துக்காரன் கல் ஊன்றியதற்காகத் தாலுகா ஆபீசுக்கு நாலு வருஷம் அலைந்தவன்.

"ஏலே, நீயே புறம்போக்குன்னு போர்டு வச்சிட்ட. வந்தவன் கல்லு ஊன்றாம கும்பிட்டுட்டா போவான்?"

அப்புறம் பீரோவைத் திறந்து எங்கள் நிலத்துப் பத்திரத்தை எடுத்துக் காட்டினான். நிலம் எங்கள் பெயரில். கிழக்கு ஓரமாகப் பின்னாலிருக்கிற மூன்று வயலுக்கும் வண்டித்தடப் பாத்தியம். அவர்கள் டிராக்டர் ஓட்டலாம், திராட்சை ஏற்றிக்கொண்டு போகலாம், எங்களைக் கேட்கவே வேண்டாம். எங்கள் எல்லைக்கல்லை மட்டும் பிடுங்கக் கூடாது.

எம்.ஐ.டி. என்பது இதுதான். அஜய் அரைமணி நேரம் இங்கிலீஷில் கத்தியது முத்திரைத்தாளில் ஒரே பத்தியாக இருக்கிறது, எங்கள் வீட்டுப் பீரோவில், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே.

மதினியும் பக்கத்தில் இருந்தார். அண்ணன் பெண்டாட்டி, மாரீஸ்வரி. பந்தல் முழுக்க அவர் பொறுப்புதான். இலையில் எலும்பை ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 24

ராஜபாண்டி அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு. கம்பெனி ஒரு கடுதாசி கொடுத்திருக்கிறது: இலைக்காவல் முழுக்கத் தங்களுக்கே சொந்தமாம், இதே மாதிரி இந்தப் பக்கம் ஓடுகிற வேறு பெட்டிகள் எல்லாம் நகலாம், நம்ப வேண்டாமாம்.

எடுத்துக்கொண்டது சரி. அதற்கு நானே வழி விட்டேன். என்னுடையதை நகல் என்கிறானே!

"நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றார் அண்ணாச்சி. "ஆனா சங்க ஃபாரத்துல உரிமையாளர் பேருன்னு கேட்டிருக்காக. உன்னுதுக்கு என்ன எழுத?"

"யாருக்கும் உரிமை இல்ல."

"யாருக்கும் இல்லாததை நம்பி நூத்திநாப்பது பந்தலை விடச் சொல்றியா? நாளைக்குக் கெட்டுப்போனா யாரைப் போய்க் கேக்க?"

என்னைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. 'என்' என்கிற வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டவன் நான்.

அக்டோபர் 26, ஞாயிறு

மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். கிறிஸ்டோபர் நேரில் வந்திருந்தார். பெரிய திரை, படம், அம்புக்குறி. ஒரு பக்கத்தில் தடித்த எழுத்தில்: "6.40 — எங்கள் விஞ்ஞானிகள் நீண்ட ஆய்வுக்குப் பின் கண்டறிந்த துல்லியமான நேரம்."

எழுந்துவிட்டேன். "அந்த 6.40 என்னுது" என்றேன். சத்தமாகத்தான். எல்லோரும் திரும்பினார்கள். எந்த விஞ்ஞானி, என்ன ஆய்வு, ஏன் 6.30 இல்லை, ஏன் 6.45 இல்லை, சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். கிறிஸ்டோபருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பின்வரிசையில் இருந்து ஒரு சிரிப்பு. மதினி.

கை தூக்கச் சொன்னார்கள். கம்பெனிக்கே போய்விட்டது. எனக்கு ஆறு கை. அதில் அண்ணன் கை ஒன்று. மதினி கை தூக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் கேட்டேன், ஏன் சிரித்தீர்கள் என்று.

"ஆறு நாப்பது உங்களுதா?" என்றார். "அது பஸ்ஸு, கொழுந்தனாரே."

அக்டோபர் 27

அது பஸ்தான்.

எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மதினி தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்ததும் எறியமாட்டார். பின்பக்கத்தில் பந்தல் விவரத்தை எழுதி அடுப்படிச் சுவரில் கம்பியில் குத்திவைப்பார். விடிந்ததும் பந்தலுக்குள் போய்விடுவார்; ரோட்டில் டவுன்பஸ் போகிறபோது இலையைத் தொட்டுப் பார்ப்பார். "பஸ்ஸுக்கு ஈரம்." "பஸ்ஸுக்குக் காஞ்சிருச்சு." "ஈரம், மூணாம் நாள் புள்ளி." 2021, 2022 இரண்டு வருஷத்துத் தாள், 641. நான் கம்பியோடு தூக்கிக்கொண்டு வந்து ஒரு மாதம் உட்கார்ந்து தட்டினேன். 'பஸ்ஸுக்கு' என்று இருந்த இடத்திலெல்லாம் 6.40 போட்டேன். பஸ் நேரம் அது.

அந்தச் செய்திகூட அவர் எழுதினதுதான். அண்ணனுக்காகத் தாளில் கிறுக்கி வைப்பார்: இன்னைக்கே மருந்தடி.

இன்று போய் நின்றேன். 2023ல் இருந்து உள்ள தாளையெல்லாம் தாங்க மதினி, கம்பெனிக்காரனை விட நல்லதாகச் செய்து காட்டுகிறேன் என்றேன்.

"செஞ்சு?"

"எல்லாருக்கும் போடுவேன். இந்தத் தடவை பேர் இருக்கிற மாதிரி."

"யாரு பேரு?"

என் கண் சுவரில் இருந்த கம்பிக்குப் போனது.

"போன தடவை போட்டதுல எம்பேரு எங்கன இருக்குன்னு காட்டுங்க."

லேப்டாப்பைத் திறந்து தேடினேன். தமிழில் தேடினேன், இங்கிலீஷில் தேடினேன். பூஜ்யம். 412ஆம் வரியில் மட்டும் ஒரு குறிப்பு இருந்தது: 'கள அளவீடு: உள்ளூர் மூலம்.'

மதினி வாசித்தார். "உள்ளூர் மூலமா? ஊருல யாருக்கு மூலம்?"

அண்ணன் சிரித்துவிட்டான். எனக்கு முகம் சுட்டது. அந்தச் சூட்டில் சொல்லிவிட்டேன். "தகவலுக்கெல்லாம் காப்பிரைட் கிடையாது மதினி. புரோகிராமுக்குத்தான். சட்டம் அப்படி."

"அந்தக் கோயமுத்தூர்க்காரரும் சட்டந்தான் சொன்னாக."

அவ்வளவுதான். உலை கொதிக்கிறது என்று போய்விட்டார்.

அக்டோபர் 28

அடுப்படிச் சுவரில் கம்பி இல்லை.

அக்டோபர் 29

சட்டப்படி நான் சொன்னது சரி. கிறிஸ்டோபர் சொன்னதும் சரி. என் பெயரை எடுத்தவனை இரண்டு வாரமாகத் திருடனாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனாவது இருந்த பெயரை எடுத்தான். நான் போடவே இல்லையே.

அதைவிட — புறம்போக்கு என்று எழுதிவைக்க நான் யார்? என் 1,312 வரியை நான் ஊருக்கு விடலாம். தாளிலிருந்து தட்டின அந்த அட்டவணை என்னுடையதா? 641 காலை நேரம் என்னுடையதா? நான் அப்போது எழுந்ததே எட்டு மணிக்கு. என்னைக்காவது ஒருநாள், ஒரே ஒருநாள், மதினி இதை எல்லாருக்கும் கொடுத்துரட்டுமான்னு கேட்டேனா? கேட்கவே இல்ல. தோணவே இல்ல. தியாகமாம். அடுத்தவக வேலையைத் தூக்கிக் கொடுத்துட்டு நான் வள்ளல்.

நவம்பர் 1, சனி

மேற்கே முத்துராமலிங்கம் பந்தலில் செவட்டை. நாலு வரிசை. அவர் போனில் இலைக்காவல் இருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பந்தலில் என் பெட்டி இருக்கிறது, அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே புரோகிராம், ஒரே தப்பு.

எங்கள் பந்தலில் புள்ளி இல்லை. மதினி வியாழக்கிழமையே மருந்து அடித்துவிட்டார்.

காரணத்தைப் பிடித்துவிட்டேன். காலை வெப்பம் இருபத்தொன்றுக்குக் கீழே போனால் செவட்டை வராது என்று ஒரு வரி. முதல் இரண்டு வருஷத் தாளில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் மாறியிருக்கிறது, மலையிலிருந்து இறங்குகிற மூட்டம் இப்போது கலையாமல் நிற்கிறது, குளிரிலும் இலை காய்வதில்லை. மாறினது தாளில் இருக்கும். அதை நான் கேட்கவே இல்லை. மூன்று வருஷமாக அதே வீட்டில், அதே அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு.

முத்துராமலிங்கம் கருகின இலையைக் கொண்டுவந்து என்னிடம்தான் காட்டினார். கம்பெனி பெயரை அவர் சொல்லவில்லை. "உன் பெட்டியும் சும்மா இருந்துச்சாமே தம்பி" என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

மதினி பந்தலில் இருக்கிறபோது போனேன். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "நான் கேட்காமக் கொடுத்தது தப்பு" என்றேன். கொடியைக் கட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை சொல்லவேண்டி வந்தது. இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டம்.

"இப்ப என்ன செய்யணுங்கிறீக?"

எம்.ஐ.டி. லைசென்ஸைப் போனில் திறந்து தமிழில் சொன்னேன். ரொம்பச் சின்னதுதான். கடைசி வரைக்கும் கேட்டார்.

"எடுத்துக்க, மாத்திக்க, வித்துக்க, கெட்டுப்போனா என்னையக் கேக்காத. பேரை மட்டும் பிடுங்காத. இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"இதுக்கா தீவாளியில இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீக?"

அண்ணன் மருந்து டேங்கை இறக்கிவைத்துவிட்டு வந்தான். பெயர் கியர் எல்லாம் வேண்டாம், பூட்டி வை, நம்ம வீட்டோடு இருக்கட்டும், எவனுக்கும் கொடுக்காதே என்றான். எனக்கும் உள்ளே அதுதான் ஆசை. மதினி மேற்கே கையைக் காட்டினார்.

"அங்கன செவட்டை நின்னா இங்கன காத்தடிக்காதா? அவுக பந்தலுக்கும் சேர்த்துத்தான் சொல்லணும். கம்பெனிக்காரன் மூலமாப் போனாலும் போகட்டும்."

தாள் தருகிறேன் என்றார். அடுப்படியில் இல்லை, பீரோவில் இருக்கிறது, அந்தப் பத்திரத்துக்குப் பக்கத்தில். பெயர் போட்டு, அதைக் காட்டின பிறகுதான் கைக்கு வரும்.

அங்கேயே போனில் தட்டினேன்: ம. மாரீஸ்வரி. வாங்கிப் பார்த்தார்.

"மானா உங்க அண்ணன். என்னையப் பள்ளிக்கூடத்துல சேர்த்தவுக எங்கப்பா சின்னக்கருப்பு. சீனா போடுங்க."

அண்ணன் டேங்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

கிளம்பும்போதுதான் சொன்னார், சாதாரணமாக. "தாளைத் தட்டும்போது பார்த்துத் தட்டுங்க. ஜூன்ல இருந்து அந்த பஸ்ஸு ஆறு அம்பத்தஞ்சுக்குல்ல வருது."

எனக்குத் தெரியாது. தனியாக உட்கார்ந்து தட்டியிருந்தால் எல்லாவற்றுக்கும் 6.40 போட்டிருப்பேன்.

நவம்பர் 3, திங்கள், காலை 7.20. தாள் 988. தட்டியது 0.

6.55க்குப் பந்தலுக்குள் நின்றேன். பஸ் வந்தது. இலையைத் தொட்டேன். ஈரம்.

இனிச் செய்யவேண்டியது:

1. லைசென்ஸ் ஃபைல்: எம்.ஐ.டி. பழைய பதிப்பு புறம்போக்காகவே கிடக்கும். அதை நினைத்து இனிமேல் ஒரு வரி எழுதக் கூடாது.

2. காப்பிரைட் வரி: சி. மாரீஸ்வரி. அதற்குக் கீழே என் பெயர், விஜய்ராஜ். மேலே கீழே மாறக் கூடாது.

3. 412ஆம் வரி, உள்ளூர் மூலம் — அழி.

4. 988 தாள். மதினி வாசிக்க, நான் தட்ட. சந்தேகம் என்றால் கேட்கவேண்டும். ஊகிக்கக் கூடாது. அவருக்கு நேரம் இருக்கிறபோதுதான். எனக்கு இருக்கிறபோது இல்லை.

5. 6.40 என்று இருக்கிற இடமெல்லாம் எடுத்துவிட்டு 'பஸ்' என்று பெயர் வைக்கவேண்டும். நேரத்தைத் தனியாகக் கொடுக்கலாம். பஸ் மறுபடி மாறும்.

6. இருபத்தொன்று டிகிரி வரியை இன்றைக்கே எடு. முத்துராமலிங்கத்திடம் நேரில் போய், என் தப்பு என்று சொல்லு. கம்பெனியை இழுக்காதே.

7. அஜய்க்குப் போன். "நீ சொன்னது சரி." விளக்கம் வேண்டாம். சிரித்தால் சிரிக்கட்டும்.

8. புதுசு வெளியே போனதும் கிறிஸ்டோபர் எடுத்துக்கொள்வார். எடுக்கட்டும். அவர் ஆப்பில் பதினெட்டாவதாக வரவேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஆப்பைப் பிரித்துப் பார்க்கவேண்டும், பெயர் இருக்கிறதா என்று. 'சி' இருக்கிறதா என்றும்.